தண்டல் அட்டையில் நூறு கட்டம்

அம்மாவின் இட்லிக் கடையில் காசு போட ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தக் கடை இருக்கிறது. டின் மூடியின் உள்பக்கத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் அட்டை செருகியிருக்கும். பத்து வரிசை, வரிசைக்குப் பத்துக் கட்டம். நிரம்பிய கட்டங்களில் தேதியும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் இருக்கும். நான் எண் எழுதப் பழகியதே அப்படி ஒரு பழைய அட்டையின் பின்பக்கத்தில்தான்.

காலை பத்தரைக்கு டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்கும். இட்லி வியாபாரம் ஓய்ந்து, குண்டானைக் கழுவிக் கவிழ்த்து, வாளியில் ஒட்டியிருக்கும் சட்னியை வழித்தெடுக்கிற நேரம் அது. டின்னில் நோட்டும் சில்லறையுமாகக் காசு இருக்கும். இன்னும் அரைமணி போனால் அது அரிசிக்கும் உளுந்துக்கும் எண்ணெய்க்கும் பிரிந்துவிடும். அந்த அரைமணிக்குள் தண்டல்காரர் வந்துவிடுவார். வண்டியிலிருந்து இறங்கக்கூட மாட்டார். அம்மா நூறு ரூபாயை நீட்டுவார், அவர் ஒரு கட்டத்தில் தேதி போட்டுக் கிறுக்குவார், கிளம்பிவிடுவார். ஒரு நிமிடம்கூட ஆகாது.

கணக்கு இதுதான். பத்தாயிரம் கடன் என்று பேச்சு. கையில் கொடுப்பது 8,500. வட்டி 1,500-ஐ முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் தினம் 100 ரூபாய், நூறு நாள். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டியைப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தொடும். வங்கி வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் காட்டினேன். அம்மா தாளைப் பார்க்கவில்லை. "ஒரு நாளைக்குப் பதினஞ்சு ரூபா கண்ணு. ஒரு டீக்காசு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. படிக்காதவர், கணக்குத் தெரியாதவர் என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். அந்த முடிவு தப்பு என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது. அதைத்தான் எழுத நினைக்கிறேன். ஏனென்றால் இந்தத் தப்பை நான் மட்டும் செய்யவில்லை. ஏழைகளுக்காகத் திட்டம் போடுகிற எல்லா மேசைகளிலும் இதே தப்பு உட்கார்ந்திருக்கிறது.

தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் 2020 ஜூனில் தொடங்கியது. அப்போது முதல் கடன் 10,000 ரூபாய். ஒரு வருடத்தில் மாதத் தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். இதைவிட நல்ல கடன் அம்மாவுக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. நானே விண்ணப்பம் எழுதி, நானே கூட்டிப்போய், அம்மா கணக்கு வைத்திருந்த கிளையில் வாங்கிக் கொடுத்தேன். மாதம் தொள்ளாயிரம் ரூபாய்க்குக் கிட்டே வந்தது, ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும். தண்டல் கட்டியவருக்கு இது ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதமே தவணை திரும்பிவிட்டது. அந்த மாதம் என் சித்தி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீர் வைக்கக் கையில் காசில்லாமல் மாமா நின்றார், அம்மா கொடுத்துவிட்டார். கணக்கில் பணம் இல்லை என்று வங்கி அபராதம் பிடித்தது. அடுத்த மாதம் போட்ட பணத்தில் அந்த அபராதம் முதலில் போனதால் அந்தத் தவணையும் குறைந்தது. கிளைக்குப் போய்க் கேட்ட அம்மாவை ஒரு மணிநேரம் நிற்க வைத்து, "ஒழுங்கா கட்றதுன்னா வாங்கணும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்த வாரம் டின் மூடியில் மறுபடி மஞ்சள் அட்டை.

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். "ஒம்போது பர்சன்ட்ல குடுக்கிற எடத்த வுட்டுட்டு நூத்தியிருவதுக்குப் போறியேம்மா" என்று கத்தினேன். அம்மா மாவுக் கையோடு திரும்பினார்.

"இன்னாடி பேசுற? மாசம் ஒருவாட்டி தொள்ளாயிரம்னா அது என் கையில தங்கணுமில்ல? முப்பது நாளு யாரு யாரு வந்து கைய நீட்றாங்கன்னு உனக்குத் தெரியுமா? தெனம் நூறுன்னா அவன் வந்து வாங்கினு பூடுவான். அதுக்கப்புறம் எவன் கேட்டாலும் இல்லன்னு சொல்லலாம். பொய்யி சொல்ல வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை நிறுத்திவிட்டது. பொய் சொல்ல வேண்டாம். தண்டல் அம்மாவுக்குக் கடன் மட்டுமில்லை, ஒரு பூட்டும்கூட. காசு உறவுக்காரர்கள் கையில் கரையாமல், தன் இரக்கத்தில் கரையாமல் காக்கிற பூட்டு. அதற்கு நாளைக்குப் பதினைந்து ரூபாய் வாடகை கொடுக்கிறார்.

இதற்குப் பிறகுதான் நடத்தைப் பொருளியல் பக்கம் போனேன். மனிதர்கள் உண்மையில் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை ஆராயும் துறை. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய கட்டுரை இதற்கு அடிக்கல். வருகிற நூறு ரூபாய் தரும் மகிழ்ச்சியைவிட, போகிற நூறு ரூபாய் தரும் வலி பெரிது என்றார்கள். அதைப் படித்ததும் எனக்கு 8,500 ஞாபகம் வந்தது. வட்டி 1,500 அம்மாவின் கைக்கு வரவே இல்லை. கைக்கு வராதது போனால் வலிக்காது. ஆனால் வங்கி பிடித்த அபராதம் சின்னத் தொகைதான், ஏற்கெனவே தன்னுடையதாக இருந்த காசு என்பதால் அம்மாவுக்கு இன்றைக்கும் எரிகிறது. இந்த உண்மை கானமனுக்கு 2002-ல் நோபல் பரிசு கிடைப்பதற்கு முன்பே எங்கள் தண்டல்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்துப் படித்தது கோயம்பேடு. டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் செய்த ஆய்வு, 2019-ல் வெளியானது. முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர். கோயம்பேட்டில் காலையில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கி, சாயங்காலம் ஆயிரத்து ஐம்பதாகத் திருப்பிக் கொடுக்கும் வியாபாரிகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். ஒரு நாளைக்கு 5 சதவீதம். தினம் ஐந்து ரூபாய், அதாவது ஒரு வாய் டீக்கான காசை, கையில் நிறுத்திக் கடனை அந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டே வந்தால், மிச்சமாகும் வட்டியும் சேர்ந்து ஐம்பது நாளில் கடனே இல்லாமல் போய்விடும். நானும் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் வருடக்கணக்காக யாரும் அப்படி வெளியே வரவில்லை.

சரி, கடனை நாமே அடைத்துவிட்டால்? அதைத்தான் அந்த மூன்று ஆய்வாளர்களும் செய்து பார்த்தார்கள். இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும் வியாபாரிகளின் வட்டிக் கடனை முழுதாக அடைத்தார்கள். பெரும்பாலானவர்கள் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடன் வாங்கிவிட்டார்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது கடன் அடைக்கப்பட்டவர்களுக்கும் அடைக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இதைக் கேட்டதும் "பார்த்தாயா, இவர்களைத் திருத்தவே முடியாது" என்று சொல்பவர்கள் உண்டு. என் அலுவலகத்திலேயே சொன்னார்கள். நான் அதில் வேறொன்றைப் பார்க்கிறேன். கடன் தீர்ந்த மறுநாளும் அந்த வியாபாரியின் வாழ்க்கை அப்படியேதான் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். ஒருநாள் பழம் அழுகும். அதைத் தாங்கக் கையிருப்பு கிடையாது. ஒரு சறுக்கல் போதும், திரும்ப அதே வாசல். அப்படியானால் கடனை அடைப்பதோடு வேலை முடிவதில்லை. சறுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும்.

காசு தட்டுப்பாடு புத்தியையே சாப்பிடுகிறது என்பது முல்லைநாதனும் எல்டர் ஷஃபிரும் சொல்வது. ஆனந்தி மணி, ஜியாயிங் ஜாவோ ஆகியோரோடு சேர்ந்து 2013-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேர் இருந்தார்கள். கரும்பில் காசு வருடத்துக்கு ஒருமுறைதான். அறுவடைக்கு முன்னால் நகை அடகில் இருக்கும், பின்னால் கை தாராளமாக இருக்கும். அதே மனிதருக்கு, அதே மாதிரிப் புதிர்த் தேர்வு, இரண்டு காலத்திலும். காசில்லாத காலத்தில் மதிப்பெண் குறைந்தது. அந்தப் புள்ளிவிவரத்தைக் கேள்வி கேட்டு மறுப்பும் எழுதியிருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுக்கும் அம்மா, வாடகை கொடுக்க வேண்டிய வாரத்தில் மட்டும் இரண்டுமுறை தப்பாகக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என்னை அதிகம் தொட்டது தூக்கத்தைப் பற்றிய ஆய்வு. அது நடந்ததும் சென்னையில்தான், 2021-ல் வெளியானது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேர். கையில் ஒரு கருவியைக் கட்டித் தூக்கத்தை அளந்தார்கள். இரவில் எட்டு மணிநேரம் படுக்கையில் கிடக்கிறார்கள், தூங்குவதோ ஐந்தரை மணிநேரம். ஆய்வாளர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்கலாம், எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு இல்லை. எங்கள் வீடு ஒரே அறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை பகலெல்லாம் குடித்த சூட்டை இரவில் கக்கும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இரவு முழுக்க ஹாரன் அடிக்கும். கொசு. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனால் விசிறி மட்டையோடு எழுந்து உட்கார்ந்துகொள்வார் அம்மா. மூன்றரைக்கு அடுப்பு மூட்ட வேண்டும்.

அந்த ஆய்வில் மெத்தை, மின்விசிறி, காதடைப்பான், கண்மூடி எல்லாம் கொடுத்து இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டினார்கள். ஆனால் வேலைத்திறனிலோ கவனத்திலோ மாற்றம் தெரியவில்லை. மாறாக, பகலில் வேலையிடத்திலேயே அமைதியான இடத்தில் அரைமணி தூங்க விட்டபோது மனநிலை, கவனம், வேலை எல்லாமே தேறின. உடைந்து உடைந்து வரும் இரவுத் தூக்கத்தை நீட்டுவதைவிட, உடையாத அரைமணி பெரிது என்றுதான் நான் புரிந்துகொண்டேன். மதியம் ஒன்றரைக்குத் தள்ளுவண்டிக்கு அடியில் கோணியை விரித்து அம்மா கண்ணயர்வார். முந்தானையால் முகத்தை மூடியிருக்கும், ஒரு கை டின் மேல் இருக்கும். காசிமேட்டில் ஏலம் முடிந்த பிறகு மீன் அன்னக்கூடைகளுக்கு நடுவே பெண்கள் அப்படித்தான் படுத்திருப்பார்கள். அந்த வழியே போகிறவர்கள் "சோம்பேறிங்க" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். எவ்வளவு பெரிய அநியாயம் அது! அந்த அரைமணிதான் அவர்களுடைய மீதி நாளைத் தூக்கி நிறுத்துகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். இப்படித் தூங்கி, இப்படிக் கணக்குப் போட்டு வாழ்கிற ஒருவரிடம், நாலு பக்கப் படிவத்தை, மூன்று நகலோடு, பகல் பதினொன்றிலிருந்து நாலு மணிக்குள் கொண்டுவந்து கொடு என்கிறோம். வராவிட்டால் அக்கறையில்லை என்று எழுதிக்கொள்கிறோம்.

தன் பலவீனம் ஏழைக்குத் தெரியாது என்று நினைப்பதும் தப்பு. ஃப்ராங்க் ஷில்பாக் என்ற ஆய்வாளர் சென்னையில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்கள் 229 பேரோடு மூன்று வாரம் ஒரு சோதனை செய்தார். தினமும் ஊதிக் காட்ட வேண்டும். பகலில் குடிக்காமல் வந்தால் கூடுதல் காசு. அவர்கள் சேமிக்க ஒரு பெட்டியும் வைத்தார். குடி குறைந்தவர்களின் சேமிப்பு உயர்ந்தது. பிறகு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் வந்தது: குடிக்காமல் வந்தால்தான் காசா, எப்படி வந்தாலும் காசா? பாதிப் பேருக்கு மேல், காசு குறைந்தாலும் பரவாயில்லை, குடிக்காமல் வந்தால் தரும் காசே வேண்டும் என்றார்கள். என்னைக் கட்டிப்போடு என்று அவர்களே கேட்கிறார்கள். அம்மா தண்டல்காரரிடம் கேட்பதும் அதைத்தான். தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு, நகைச் சீட்டு என்று நம் தெருக்களில் நடப்பதெல்லாம் அதுதான். வட்டி கிடைக்காது என்று தெரிந்தும் சீட்டுக் கட்டுகிறவர் முட்டாள் இல்லை. நடுவில் எடுக்க முடியாது என்பதற்காகவே அவர் கட்டுகிறார்.

தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்தது. அந்தச் சட்டம் வேண்டும். வட்டிக்காரர் மிரட்டலில் நாசமான குடும்பங்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். ஆனால் தண்டலின் வட்டியைத் தடை செய்தவர்கள், தண்டலின் வடிவத்தைக் கவனித்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். வாசலுக்கே வருகிறது, காசு கையில் இருக்கும் நேரத்தில் வருகிறது, சின்னத் தொகையாக வாங்குகிறது, படிவம் கேட்பதில்லை, எத்தனை கட்டம் முடிந்தது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. இந்த ஐந்தில் ஒன்றுகூட மாதத் தவணையில் கிடையாது.

இது முடியாத காரியமும் இல்லை. உடுப்பியில் பிறந்த சிண்டிகேட் வங்கி 1928-லேயே பிக்மி டெபாசிட் என்று தொடங்கியது. முகவர் தினமும் வீட்டுக்கும் கடைக்கும் வந்து அணாக்கணக்கில் வாங்கிப்போவார். நடத்தைப் பொருளியல் என்ற பெயரே அன்றைக்குக் கிடையாது. அதற்கும் முன்னால், 1920-ல், சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டார். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் கல்லூரி வழியாகத்தான் நான் தினமும் பஸ் பிடிப்பேன். படிப்பின் பலன் பத்து வருடம் கழித்து வரும், பசி இன்றைக்கே வரும். இன்றைக்கான காரணத்தை இன்றைக்கே தட்டில் வைத்தால் பிள்ளை வரும்.

ராஜஸ்தானின் உதய்ப்பூரில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் இதையே தடுப்பூசியில் பார்த்தார்கள். எதுவும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 6 சதவீதம். சொன்ன தேதியில் தவறாமல் முகாம் நடத்திய ஊர்களில் 18. முகாமோடு, ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகளும் கொடுத்த ஊர்களில் 39. எல்லோரும் பருப்பைத்தான் பேசுகிறார்கள். எனக்கு நடுவில் இருக்கும் 18 தான் முக்கியம். நர்ஸ் சொன்ன நாளில் வந்தாலே மூன்று மடங்கு. தாய்மார்களுக்கு அக்கறை இல்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததில் எவ்வளவு பொய் கலந்திருந்தது!

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. மாத்திரை வாங்க அரை நாள் வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலத்தில் மாதத்தில் பத்து நாள் விட்டுவிடுவார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் தெருவுக்கு வந்த பிறகு, பை மாட்டிக்கொண்டு ஒரு பெண் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். அம்மாவின் அறிவோ அக்கறையோ ஒரு நாளில் மாறிவிடவில்லை. தூரம்தான் மாறியது.

நடத்தைப் பொருளியலை மந்திரக்கோல் என்று நான் நம்பவில்லை. அரசு அனுப்பும் கடிதத்தில் ஒரு வரியை மாற்றினால் உலகம் மாறும் என்று பேசிய காலம் ஒன்று இருந்தது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் எலிசபெத் லினோஸும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நல்ல பதில். இப்படிச் சின்ன மாற்றம் செய்து பார்த்து ஆய்வுப் பத்திரிகைகளில் வெளியிட்ட சோதனைகளில் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி முன்னேற்றம் தெரிந்தது. அமெரிக்க அரசு அமைப்புகளோடு சேர்ந்து இதற்கான குழுக்கள் செய்த சோதனைகளை ஒன்றுவிடாமல் சேர்த்தபோது அது 1.4 மட்டுமே. ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது, ஆனால் சிறியது. அதனால் கூலி, வீடு, தூங்க ஓர் இடம் இவற்றுக்குப் பதிலாக ஒரு குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று எந்த அரசும் இருந்துவிடக் கூடாது. கையில் காசே இல்லாதவரைச் சேமிக்கச் சொல்லித் தூண்டுவது கொடுமை.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். முதல் கடனை எப்படியோ இழுத்துக் கட்டி முடித்தோம். இரண்டாவது கடன் 20,000, பதினெட்டு மாதம், தவணை ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். இந்தத் தடவை அம்மாவிடம் நான் கணக்குச் சொல்லவில்லை, கேட்டேன். "யாராச்சும் தெனம் வந்து வாங்குனா கட்டிடுவேன்" என்றார். எதிரில் பால் பூத் வைத்திருக்கும் அக்கா மகளிர் குழுவில் இருப்பவர், காசு விஷயத்தில் கறார். அவரைக் கேட்டதும் ஒத்துக்கொண்டார். தினம் ஐம்பது ரூபாய். மாதத்தில் இரண்டு மூன்று நாள் கடை போடாவிட்டாலும் தவணைக்குப் போய் நூறு ரூபாய்க்கு மேல் நிற்கும். அது அம்மாவின் சறுக்கல் காசு. மாமா கேட்டாலும் அக்கா கொடுக்க மாட்டார்.

எந்த நேரம் வருவது என்று அக்கா கேட்டபோது அம்மா யோசிக்கவேயில்லை. "பத்தேகால். அவன் வர்றதுக்கு முன்னாடி."

சார்ட் பேப்பரை வெட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முதல் அட்டையை நான் செய்து கொடுத்தேன். பத்து வரிசை, வரிசைக்குப் பத்துக் கட்டம். மஞ்சள் கலரில்தான் வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். இப்போது மூன்றாவது அட்டை ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், நாற்பத்தொரு கட்டம் அடைத்திருந்தது. நடுவில் மழைக்குக் கடை போடாத நாலு நாள் தேதிகளை அக்கா ஓரத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறார். அந்த நாலுக்கும் எதிரே, அப்புறம் கொடுத்ததற்காக, அம்மாவின் கையெழுத்தில் சின்னச் சின்ன டிக்.